சுப்புத்தாய் கேட்டது

எம்.எல்.ஏ.வின் மாத அறிக்கையை ராசிங்காபுரத்தில் யாரும் முழுசாகக் கேட்டது கிடையாது. மாதம் பிறந்ததும் எல்லாருடைய போனுக்கும் அது வந்துவிடும். அவரே தன் குரலில் பேசி அனுப்புவார். சட்டசபையில் என்ன பேசினேன், எந்தத் திட்டத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், எந்த ஊரில் என்ன வேலை நடக்கிறது, அடுத்து எதை முதலில் கையில் எடுக்கப்போகிறேன் என்று வாத்தியார் பாடம் நடத்துகிற மாதிரி நிதானமாகச் சொல்லிக்கொண்டு போவார். ஆளைக் குறை சொல்ல முடியாது. ஜெயித்த கையோடு காணாமல் போகிறவர்களையே பார்த்துப் பழகிய சனம், மாதம் தவறாமல் வந்து பதில் சொல்கிற ஒருவரை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்சம் முழித்தது என்பதுதான் உண்மை.

டீக்கடை முனியசாமி அதை ஸ்பீக்கரில் சத்தமாக வைத்துவிடுவார். விடியற்காலையில் ஏலக்காய் எடுக்க மலைக்குப் போக ஜீப்புக்குக் காத்து நிற்கிற பெண்கள் கேட்டுக்கொள்ளட்டும் என்று அவருக்கு ஒரு நல்ல எண்ணம். கேட்க யாருக்குப் பொழுதிருக்கிறது? புருசனுடைய பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டு, ஒரு கையில் தூக்குவாளியும் மறு கையில் மழைக்குப் போர்த்துகிற பிளாஸ்டிக் கொங்காடையுமாக, நின்றவாக்கிலேயே கடுங்காப்பியைக் குடித்துவிட்டு ஜீப்பில் தொற்றுகிற அவசரம் அவர்களுக்கு. எம்.எல்.ஏ.வின் குரல் ஒரு பக்கம் ஓடும். இவர்கள் பேச்சு ஒரு பக்கம் ஓடும்.

அந்தப் புரட்டாசி மாதக் காலையிலும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்கால் தூர் வாருகிற வேலை, நூலகத்துக்குக் கூரை, முதியோர் பணம் தாமதமாவதற்கு என்ன காரணம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தவர், ஒரு செருமலுக்குப் பிறகு தொடர்ந்தார்.

“அடுத்ததாக ஒரு முக்கியமான விஷயம். ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் ஜீப்புகளில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றுவதைத் தடுக்க வேண்டும் என்று ராசிங்காபுரத்தைச் சேர்ந்த சகோதரி சுப்புத்தாய் என்னிடம் நேரில் கேட்டுக்கொண்டார். அவருடைய மகளே அப்படிப்பட்ட ஒரு விபத்தில் காயம்பட்டவர். அவருடைய கோரிக்கையை ஏற்று அதிகாரிகளிடம் பேசியிருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை முதல் மலையடிவாரத்தில் ஒவ்வொரு ஜீப்பும் நிறுத்திச் சோதிக்கப்படும். சகோதரி சுப்புத்தாய்க்குத் தொகுதியின் சார்பில் என் நன்றி.”

தன் பெயரைக் கேட்டதும் சுப்புத்தாய்க்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைப்பானேன்? சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில்கூட ஏறாத பெயர் ஸ்பீக்கரில் கணீரென்று வருகிறது. அதுவும் சகோதரி என்று. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாரே மனுசன் என்று நினைத்துத் திரும்பினால், ஜீப்புப் பக்கம் நின்ற அத்தனை பெண்களும் பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜீப்பு டிரைவர் ராஜ்கமல் டீ கிளாசைக் கீழே வைத்தான். அவளுக்குத் தம்பி முறைக்காரருடைய மகன். அத்தை என்றுதான் கூப்பிடுவான்.

“ஏத்தை, நெசமாவே நீதேன் கேட்டியா?”

“ஆமாப்பா. தண்ணித்தொட்டி தெறக்க அவரு வந்தப்பச் சொன்னேன்.”

“நல்லாக் கேட்ட போ. சீட்டுக்கு ஒரு ஆளுன்னா இதுல பாதிப் பேரு எறங்கணும். யாரு யாருன்னு நீயே சொல்லிரு. எனக்கெதுக்கு வம்பு?”

“அதுக்கென்ன, எங்களை விட்டுட்டு ரெண்டாவது நடை வந்து மிச்ச ஆளை ஏத்திட்டுப் போயேன்.”

ராஜ்கமல் சிரித்தான். “இங்கெருந்து போடி, போடியிலருந்து முந்தல், பெறகு அம்புட்டு வளைவும் ஏறி கேரளாத் தோட்டத்துல ஆளை எறக்கிட்டுத் திரும்பி வந்து மறுபடி ஏறுனா உச்சிப்பொழுதாயிரும். சூப்பர்வைசர் உள்ள விடுவாரா? ‘ஆளு மதி, போதும், நாளைக்கு வா’ன்னு மலையாளத்துல சொல்லிட்டுப் போயிருவாரு. அதுக்குப் பெறகு இவுகளை நான் கீழ கொண்டாந்து சேக்கணும். டீசலு நீ போடுவியா?”

யாரும் சிரிக்கவில்லை. எம்.எல்.ஏ. நன்றி வணக்கம் சொல்லி முடித்திருந்தார். சுப்புத்தாய் கேட்டது இதை இல்லை. ஆனால் அதை எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்தப் பக்கத்து ஜீப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. ரோட்டோரம் தூக்குவாளியோடு ஒருத்தி நின்றால், அவளை விட்டுவிட்டு ஜீப்பு போகாது. உள்ளே மூச்சு விட இடம் இருக்காது. இருந்தாலும் நாலு கை வெளியே நீளும். சின்னப் பெண்கள் பெரியவர்கள் மடியில் ஏறிக்கொள்வார்கள். “ஒரு ஆளுக்கு எடம் இல்லாமப் போயிருமாக்கும்” என்று யாராவது ஒருத்தி அதட்டுவாள். அதற்குள் நின்றவள் உள்ளே வந்திருப்பாள். அவள் வேண்டியவளா, நேற்றுக் குழாயடியில் மல்லுக்கு நின்றவளா என்பதெல்லாம் அந்த நேரத்தில் பேச்சே இல்லை. கூலி இல்லாமல் ஒருத்தி வீட்டுக்குத் திரும்பி நடப்பதைப் பார்த்துக்கொண்டே போக மற்றவர்களுக்கு மனசு வராது. அவ்வளவுதான்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் அப்படித்தான் சிலமலைக்கு ரோடு பிரிகிற விலக்கில் சுருளியம்மாள் நின்றாள். சுப்புத்தாயின் புருசன் சோணைக்கு உடன்பிறந்த அக்கா. சுப்புத்தாய்க்கு மதினி. புருசன் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. பிள்ளை குட்டி கிடையாது. சிலமலையில் ஒற்றை அறை வீட்டில் தனியாகக் காய்ச்சிக் குடிக்கிறவள். அன்றைக்கு ஜீப்பு ராசிங்காபுரத்திலேயே நிறைந்துவிட்டது. இருந்தும் முதலில் கை நீட்டியது சுப்புத்தாய்தான். பக்கத்தில் இருந்த மகள் பொன்னுமணி எழுந்து, “அத்தை, நீ இங்க உக்காரு” என்று தன் இடத்தைக் கொடுத்துவிட்டுப் பின்பக்கப் பலகையில் போய் உட்கார்ந்தாள். வயசுப் பெண். காற்று வாங்கிக்கொண்டே வரலாம் என்று அவளுக்கு அந்த இடம் பிடிக்கவும் செய்யும். போடிமெட்டுக்குக் கீழே ஒரு வளைவில் எதிரே லாரி வந்தது. ராஜ்கமல் ஒடித்துத் திருப்பினான். ஜீப்பில் ஒரு கீறல்கூட விழவில்லை. உள்ளே இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நிமிர்ந்தார்கள். பின்பலகையில் ஆள் இல்லை.

இடுப்பெலும்பு முறிந்தது. உயிர் பிழைத்ததே பெரிது என்று ஊர் சொன்னது. பேசி முடித்து வைத்திருந்த மாப்பிள்ளை வீடு கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. இப்போது பொன்னுமணி கம்பை ஊன்றி அடுப்படிக்கும் வாசலுக்கும் நடக்கிறாள். படுத்தால் தானாகப் புரள முடியாது. இனி மலை ஏறுகிற வேலை ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சோணைக்கு இளைப்பு நோய். தென்னந்தோப்பில் தண்ணீர் பாய்ச்சுகிற நாள் பாதி, மூச்சு வாங்கிக்கொண்டு படுத்துக் கிடக்கிற நாள் பாதி. ஆக, சுப்புத்தாய் மலைக்குப் போனால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும்.

ஆவணியில் எம்.எல்.ஏ. தண்ணீர்த் தொட்டி திறக்க வந்தபோது கூட்டத்தில் ஒவ்வொருவரும் பட்டா, உதவிப்பணம், ரேஷன் கார்டு என்று கேட்டார்கள். இவள் முறை வந்தது.

“எனக்கு ஒண்ணும் வேணாங்கய்யா. ஜீப்புல ஆளைப் போட்டு அடைக்காமப் பாத்துக்கங்க. எம்மக மாதிரி இன்னொரு பிள்ள விழுந்துறக் கூடாது.”

எம்.எல்.ஏ.வின் உதவியாளர் ஸ்டான்லி அதைப் போனில் குறித்துக்கொண்டார். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற குடும்பத்துப் பிள்ளை. “வேற ஏதாச்சும் சொல்லணுமாம்மா?” என்று எம்.எல்.ஏ. திரும்பவும் கேட்டார். “வேற ஒண்ணுமில்லைங்க” என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள்.

அங்கேதான் பிசகியது. பஸ்சு கேட்டிருக்கலாம். தோட்டத்துக்காரர்களை இன்னும் இரண்டு வண்டி விடச் சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தோன்றவில்லை. விவரம் பற்றாமல் இல்லை. ரோட்டில் நிற்கிறவளை விட்டுவிட்டு ஒரு ஜீப்பு போகும் என்பதை அவள் மலைக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து கண்டதில்லை. ஒரு வண்டியில் ஆளைக் குறைத்தால் மிச்ச ஆளுக்கு இன்னொரு வண்டி வந்துதானே ஆகவேண்டும், வராமல் எப்படி இருக்கும் என்று நினைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை ராஜ்கமல் சீட்டுக்கு ஒரு ஆள் என்று ஏற்றினான். முந்தி வந்தவர்களுக்கு இடம். சுப்புத்தாய் விடியுமுன்பே வந்து நின்றிருந்ததால் அவளுக்குக் கிடைத்தது. பிந்தி வந்தவர்கள் ஜீப்பைச் சுற்றி நின்று பார்த்தார்கள். கூட மலைக்கு வருகிற சாந்தகுமாரியின் தங்கை, கைப்பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஓடி வந்தவள், பாதி ஏறிய காலை இறக்கிக்கொண்டாள். சிலமலை விலக்கில் சுருளியம்மாள் கை காட்டினாள். ஜீப்பு வேகத்தைக் குறைக்கவில்லை. சுப்புத்தாயின் கை தன்னாலே வெளியே நீண்டுவிட்டது. நீண்ட கையைச் சுருளியம்மாள் பார்த்தாள். ஓடி வந்து பிடிக்கலாம் என்று நினைத்தாளோ என்னவோ, நாலு எட்டு ஓடவும் செய்தாள். பிறகு நின்றுவிட்டாள்.

மேலே அன்றைக்கு மழை. பத்தடிக்கு அந்தப் பக்கம் ஆள் தெரியாதபடி மஞ்சு இறங்கியிருந்தது. ஏலக்காய் எடுப்பதென்பது குனிந்தும் குந்தியும் செய்கிற வேலை. தூரோடு தரையில் படர்ந்து கிடக்கிற சரத்தைத் தடவி, விளைந்த காயை மட்டும் பார்த்துக் கிள்ளி, பிஞ்சை விட்டுவிட வேண்டும். ஈரத் தரையிலிருந்து அட்டை ஏறும். உப்பும் புகையிலையும் கட்டிய துணியால் தட்டிவிட்டுக்கொண்டே கை ஓடவேண்டும். எப்போதும் வரிசைக்கு வரிசை பேச்சும் சிரிப்புமாக இருக்கும். அன்றைக்குக் கொங்காடை மேல் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஆள் குறைந்ததால் எடுக்க வேண்டிய வரிசை கூடிப்போயிருந்தது. சூப்பர்வைசர் குடையோடு வந்து, “வேகம் எடுக்கணும் சேச்சி, காய் பழுத்துப் போகும்” என்று நடந்துகொண்டே இருந்தார்.

பகலில் கொட்டகையில் பாலில்லாத கட்டன்சாயா போட்டார்கள். சுப்புத்தாய் தூக்குவாளியைத் திறந்தாள். புளிச்சோறும் சுட்ட கருவாடும். எப்போதும் அவள் கருவாட்டுக்குப் பங்கு கேட்டு நாலு கை வரும். இன்று வரவில்லை. சாந்தகுமாரி மட்டும் எதிரே வந்து குந்தினாள்.

“யக்கா, ஒன்னையத் திட்டணும்னு எனக்கு ஆசையில்லை. பிள்ளையைப் பறி குடுக்கப் பாத்தவ நீ. வகுத்தெரிச்சல் இருக்கும். ஆனா எந்தங்கச்சி வீட்டுல இன்னைக்கு என்னத்தக் காய்ச்சுவா?”

“நான் அவளை விட்டுட்டு வரச் சொல்லலை சாந்தகுமாரி.”

“நீ சொல்லலை. ஒம்பேரைச் சொல்லித்தான செய்யிறாக?”

“இன்னொரு வண்டி வரும்னு நெனச்சேன்.”

“எங்கெருந்து வரும்?”

சுப்புத்தாய் கருவாட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். சாந்தகுமாரி எழுந்து போனாள். ஒரு கருவாட்டுத் துண்டைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

சுருளியம்மாள் வீட்டுக்கு வருவதும் நின்றுபோனது. பொன்னுமணி விழுந்த நாளிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவள் வந்துகொண்டிருந்தாள். வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு, எதையாவது சட்டியில் எடுத்துக்கொண்டு சிலமலையிலிருந்து பஸ்சில் வருவாள். நண்டுச் சாறு, ஆட்டுக்கால், ஒன்றுமில்லாவிட்டால் முருங்கைக்கீரை. பொன்னுமணி சாப்பிடுகிறவரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். ஜீப்பில் நீ உட்கார்ந்த இடம் அவளுடையது என்று இந்த வீட்டில் ஒருத்தரும் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லாததுதான் அவளை உட்காரவிடாமல் ஓட்டியது.

ஐப்பசி பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது ஸ்டான்லி பைக்கில் வந்தார். வீட்டில் பொன்னுமணி மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். சோணை கட்டிலில் சாய்ந்திருந்தார். நெடி ஏறி ஸ்டான்லிக்கு நாலு தும்மல் வந்தது.

“அம்மா, சார் ஒங்களைப் பாத்துக் கேட்டுட்டு வரச் சொன்னாரு. இந்த மாச அறிக்கையை ஒங்க ஊருக்கே வந்து மேடையில சொல்லப்போறாரு. ஜீப்பு விஷயத்துல ரொம்பப் புகாரு வருது. மலைக்கு ஆளு வரலைன்னு தோட்டத்துக்காரங்களும் பேசுறாங்க.”

“நானும் அதைத்தேன் சொல்லணும்னு இருந்தேன் தம்பி. மிச்ச ஆளுக்கு ஒரு பஸ்சு விட்டா...”

“பஸ்சுன்னா டெப்போவைக் கேக்கணும், ரூட்டு வாங்கணும், அங்கிட்டு கேரளாக்காரங்க ஒத்துக்கணும். எழுதிப் போடலாம், அது நாளாகும். சோதனையைத் தளர்த்துறதுன்னா ஒரு போன்ல முடியும்மா. நீங்க மைக்குல, எங்களுக்குச் சிரமமா இருக்கு, கொஞ்சம் விட்டுக் குடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சார் அங்கயே ஒத்துக்கிருவாரு.”

சோணை எழுந்து உட்கார்ந்தார். “ஏந்தம்பி, போட்டதும் எம்பொண்டாட்டி பேருல, எடுக்குறதும் எம்பொண்டாட்டி பேருலயா? ஒங்க சாருக்குன்னு ஒரு பேரு இல்லையா?”

“அப்படி இல்லண்ணே...” என்று இழுத்த ஸ்டான்லியின் முகம் சுருங்கிவிட்டது. கெட்ட பிள்ளை இல்லை. “சாரு நல்லது நெனச்சுத்தான் செஞ்சாரு. இப்ப எப்படிப் பின்வாங்குறதுன்னு தெரியலை. அம்மா சொன்னா யாருக்கும் சங்கடமில்லை.”

ஸ்டான்லி கிளம்பிப் போனார். “என்ன செய்யப்போற?” என்று சோணை கேட்டார். “தெரியலை” என்றாள் அவள். “தெரியலைன்னா சொல்லிரு. ஊரோட ஒட்டித்தான இருக்கணும். நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா தூக்க ஆளு வேணும்ல” என்றார். விளையாட்டாகச் சொல்லப் பார்த்தார். மூச்சிரைப்பில் அது விளையாட்டாக வரவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே சுருளியம்மாள் வந்தாள். மேடைச் செய்தி அதற்குள் சிலமலைக்கும் போயிருந்தது. கையில் சட்டி இல்லை. வாசலில் நின்றபடியே பேசினாள்.

“நான் ஒங்கிட்டக் கெஞ்ச வரலை சுப்புத்தாயி. கேக்க வந்தேன். அன்னைக்குக் கையை நீட்டுனியே, என்னத்துக்கு நீட்டுன?”

“தன்னால நீண்டிருச்சு மதினி. உள்ள வா. உக்காரு.”

“உக்கார வரலை. மூணு வாரமாகப் போகுது நான் மலைக்குப் போயி. சிலமலையில களையெடுக்கக் கூப்பிடுறாக, ஒரு நாளு இருந்தா மூணு நாளு இல்லை. வெள்ளனயே ராசிங்காபுரம் வந்து எடம் பிடிக்க எனக்குக் காலு இல்லை. எனக்குச் சோறு போட யாரு இருக்கா, சொல்லு. தம்பி போடுவானா? அவனுக்கே நீ போடுற.”

கட்டிலில் இருந்த சோணை தலையைக் குனிந்துகொண்டார்.

“மைக்குல நான் கேக்கவே இல்லைன்னு சொல்லிரு. அம்புட்டுத்தேன். ஊரு பொம்பளைக அம்புட்டுப் பேரும் கையைத் தட்டிருவாளுக.”

“கேட்டேனே மதினி.”

“கேட்டா என்ன? ஒரு பொய் சொல்ல முடியாதா? எனக்காகச் சொல்ல மாட்டியா?”

சுப்புத்தாய் சொல்லிவிடுகிறேன் என்று வாயெடுத்தாள். உண்மையாகவே சொல்லிவிடத்தான் நினைத்தாள். அதற்குள் மிளகாய்க் குவியலுக்குப் பின்னாலிருந்து பொன்னுமணியின் குரல் வந்தது.

“அத்தை, ஒனக்கு எடம் குடுத்ததுக்கு நான் ஒரு நாளும் வருத்தப்பட்டது இல்லை. ஒன்னையத் தப்பா நெனச்சதும் இல்லை. ஆனா என்னால இன்னமும் பெரண்டு படுக்க முடியலை அத்தை. எங்கம்மாதேன் பெரட்டிப் போடுது.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. காம்பு கிள்ளுவதை நிறுத்தவும் இல்லை. சுருளியம்மாள் நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு இறங்கிப் பஸ்சு நிற்கிற பக்கம் போனாள். சுப்புத்தாய் பின்னாலேயே போய், “மதினி, மதினி” என்று கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை.

ஐப்பசி பிறந்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மேடை போட்டிருந்தார்கள். தூறல் விழுந்துகொண்டே இருந்தது. மலைக்குப் போய் வந்த பெண்கள் சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார்கள். எம்.எல்.ஏ. குடையை வேண்டாமென்று சொல்லிவிட்டு நனைந்துகொண்டே அறிக்கையைச் சொன்னார். மாம்பழத்துக்கு விலை, மலையில் வேலை செய்கிறவர்களுக்குச் சேமநலப் பணம், பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை. கடைசியாக ஜீப்பு. “இதைப் பற்றிச் சகோதரி சுப்புத்தாயே இரண்டு வார்த்தை சொல்லுவார்” என்று மைக்கைக் கொடுத்தார்.

சுப்புத்தாய்க்கு மைக்கைப் பிடிக்கத் தெரியவில்லை. ஸ்டான்லி வந்து சரியாக வைத்துக் கொடுத்தார். கூட்டத்தின் ஓரத்தில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சுருளியம்மாள் நிற்பது தெரிந்தது.

“ஐயா, நாந்தேன் கேட்டேன்” என்றாள். குரல் தொட்டியில் மோதித் திரும்பி வந்து அவளையே பயமுறுத்தியது. “ஆளை அடைக்காதீகன்னு கேட்டேன். மிச்ச ஆளுக்கு வண்டி விடுங்கன்னு கேக்கத் தெரியாமப் போச்சு. அது எந்தப்பு. எங்க பொம்பளைக என்னைய வையிறது நாயந்தேன். இப்பக் கேக்குறேன். ஒரு பஸ்சு விடுங்க. காலையில ஒரு நடை, சாயந்தரம் ஒரு நடை.”

எம்.எல்.ஏ. தலையை ஆட்டினார். “ஜீப்பு விஷயம்?” என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தார்.

“அதை நான் திருப்பி வாங்க மாட்டேங்கய்யா.”

கூட்டம் இரைந்தது. “எறக்குங்கப்பா அவளை” என்று ஒரு குரல். “அவ மக ஒருத்திக்காக நாங்கெல்லாம் பட்டினி கெடக்கணுமா?” என்று இன்னொன்று. சுப்புத்தாய் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“தளர்த்துறதுன்னா ஒங்க கையால தளர்த்துங்க. நான் தடுக்கலை. எனக்கு அந்த அதிகாரமும் இல்லை. எம்பேரைச் சொல்லிச் செய்யாதீக. நாளைக்கு ஒரு பிள்ள விழுந்தா அவுக ஆத்தா மொகத்துல நான் முழிக்கணும்.”

மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கினாள். கும்பலில் அவள் நடப்பதற்கு வழி விட்டார்கள். வழி விட்டதில் மரியாதை இல்லை. அவள் மேலே பட்டுவிடாமல் ஒதுங்கினார்கள். எம்.எல்.ஏ., “எல்லாவற்றுக்கும் அடுத்த மாத அறிக்கையில் பதில் சொல்கிறேன்” என்று முடித்துக்கொண்டார்.

சொன்னபடி பதிலும் சொன்னார். கார்த்திகையில் வந்த அறிக்கையை ராசிங்காபுரத்துப் பெண்கள் முதல் தடவையாக ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்கள். முனியசாமி அடுப்புச் சத்தத்தைக்கூடக் குறைத்து வைத்தார்.

“தோட்டத் தொழிலாளர்களின் நடைமுறைச் சிரமங்களைக் கருத்தில் கொண்டு, மலையடிவாரச் சோதனையில் சில தளர்வுகள் செய்யப்பட்டுள்ளன. பேருந்துக்கான கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.”

இந்தத் தடவை யாருடைய பெயரும் இல்லை. அடுத்ததாக நூலகக் கூரை என்று போய்விட்டார். சுப்புத்தாய்க்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கேட்டபடி தன் பெயரை விட்டுவிட்டார், அதுவரைக்கும் நல்ல மனுசன்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

“ஏறுங்கத்தா, ஏறுங்க! வெரசா, வெரசா!” என்று ராஜ்கமல் கத்தினான். திருவிழாவுக்குப் போகிற மாதிரி ஏறினார்கள். சாந்தகுமாரியின் தங்கை சாந்தகுமாரி மடியில். மடிக்கு மடி ஆள். நெடுநாள் கழித்து ஜீப்புக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது. சுப்புத்தாய் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்தாள். அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஜெயித்தவர்களுக்கு எதற்கு வாய்? அவளை ஒட்டி உட்கார்ந்த நிலா இந்த வருசம்தான் மலைக்கு வரத் தொடங்கியவள். பன்னிரண்டாவது முடித்துவிட்டு, நர்சிங் சேர்வதற்காக உழைக்கிற பெண்.

சிலமலை விலக்கில் சுருளியம்மாள் நின்றாள். ஜீப்பு நின்றது. நாலு கை நீண்டது.

“ஏறு பெரியாத்தா, வா வா” என்று எல்லாரும் ஒரே குரலில் கூப்பிட்டார்கள். உள்ளே ஒரு விரல் வைக்க இடமில்லை. சுருளியம்மாள் சாந்தகுமாரியின் கையைப் பிடித்துக்கொண்டு படியில் ஒரு கால் வைத்தாள். அப்போது நிலா எழுந்தாள்.

“பெரியாத்தா, நீ இங்க உக்காரு. நான் பின்னால உக்காந்துக்கிறேன். காத்தோட்டமா இருக்கும்.”

சொல்லிக்கொண்டே தாவிப் போய்ப் பின்பலகையில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். சுப்புத்தாய் வாயைத் திறந்தாள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் யாரை இறங்கச் சொல்வது? மதினியையா? மறுபடியும் அவளையா? இறங்கிவிடலாம் என்று எழப் பார்த்தாள். இரண்டு பக்கமும் நெருக்கியிருந்ததில் இடுப்பை அசைக்க முடியவில்லை.

சுருளியம்மாள் ஏறவில்லை. படியில் வைத்த கால் அப்படியே இருந்தது. அவள் நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏத்தா, நீ எந்திரிச்சு ஒன் எடத்துக்குப் போ” என்றாள்.

“இருக்கட்டும் பெரியாத்தா.”

“போன்னு சொல்றேன்ல.” அதட்டலாகத்தான் தொடங்கினாள். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. “போத்தா. ஒனக்குப் புண்ணியமாப் போகும். உள்ள போய் உக்காரு.”

நிலா ஒன்றும் புரியாமல் எழுந்து உள்ளே போனாள். சாந்தகுமாரி பிடித்த பிடியை விடவில்லை. “ஏறு பெரியாத்தா. ஒரு ஆளுக்கு எடம் இல்லாமப் போயிருமாக்கும்.”

“இல்லத்தா” என்றாள் சுருளியம்மாள். “எடம் இல்லை.”

காலை எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டாள். ராஜ்கமல் ஹார்ன் அடிக்கக் கையைக் கொண்டுபோனவன் அடிக்காமல் வைத்திருந்தான். சுருளியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூலையில் இருந்தவளைத் தேடினாள்.

“சுப்புத்தாயி, வீட்டுல பிள்ள ஒத்தையிலதான கெடக்கு? நான் போயிப் பகல் பூராவும் கூட இருக்கேன். பெரட்டிப் போட ஒரு ஆளு வேணும்ல. நீ பதனமாப் போய்ட்டு வா.”

அவள் ரோட்டைக் கடந்து ராசிங்காபுரம் பஸ்சு நிற்கிற பக்கம் நடந்தாள். ஜீப்பு கிளம்பியது. போடியைத் தாண்டி முந்தல் வரைக்கும் சுப்புத்தாய் அழுதுகொண்டே போனாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.